ஷியா ஈரான் ஏன் ஆர்மேனியாவோடு ஒட்டிக்கொண்டது?
மதம் காரணமே இல்லை, பயம்தான் காரணம். கராபாக் நிலப்பகுதிக்காகப் போரிட்ட இரண்டில் அசர்பைஜான் ஷியா பெரும்பான்மை நாடு, ஆர்மேனியா கிறிஸ்தவ நாடு, பிறகு எப்படி என்று கேட்கிறீர்கள். வடமேற்கில் தப்ரீஸ் நகரத்துப் பக்கம் ஈரானுக்குள்ளேயே லட்சக்கணக்கில் அசேரிகள் (அசர்பைஜானின் பெரும்பான்மை இனத்தவர்) வாழ்கிறார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். 1992-ல் அசர்பைஜான் தலைநகர் பாகுவில் அதிபரான எல்ச்சிபே, எல்லைக்கு இருபுறமும் உள்ள அசேரிகள் ஒன்றுசேர வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். எந்த அரசுக்குத்தான் அடிவயிறு கலங்காது? பின்னாளில் பாகு இஸ்ரேலிடம் ஆயுதம் வாங்கியதும் சேர்ந்துகொண்டது.

வரைபடத்தை எடுத்து ஆர்மேனியாவின் தெற்கு முனையைப் பாருங்கள். ஈரானோடு சுமார் 44 கி.மீ. எல்லைதான். அது அடைபட்டால் ஈரானின் வடக்குப் பாதைகளில் ஒன்று போச்சு. 2022-ல் அங்கே கபானில் தெஹ்ரான் தூதரக அலுவலகம் திறந்தது சும்மா இல்லை. 2007-ல் தொடங்கிய எரிவாயுக் குழாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஈரானிலிருந்து வாயு போகிறது, பதிலுக்கு ஆர்மேனியாவிலிருந்து மின்சாரம் வருகிறது.

ஆனால் "ஈரான் ஆர்மேனியா பக்கம்" என்று ஒரேயடியாக முடிவுகட்டிவிடாதீர்கள். 2020 கராபாக் போரின்போது, ஆர்மேனியா ஆக்கிரமித்த நிலம் அசர்பைஜானுக்கே திரும்ப வேண்டும் என்று ஈரானின் உச்சத் தலைவராக இருந்த கமேனியே சொன்னார். 1993-ல், முந்தைய கராபாக் போரில் இடம்பெயர்ந்த அசேரி அகதிகளுக்கு முகாம் அமைத்துக் கொடுத்ததும் ஈரான்தான்.