உருவமில்லாத புரதம் உருப்படியாக வேலை செய்யுமா?

கேள்வி: பள்ளியில் பூட்டு-சாவி என்று படித்தேன், புரதத்துக்கு உருவம்தான் எல்லாம் என்றார்கள். காரைக்குடியில் பயோடெக் படிக்கும் மகளோ, சில புரதங்களுக்கு உருவமே கிடையாது என்கிறாள். எது சரி? – வாசகி, தேவகோட்டை

பதில்: மகள் சொல்வது சரிதான் ஆச்சி. உங்கள் டீச்சரும் பொய் சொல்லவில்லை. பூட்டு-சாவி உவமையை 1894-ல் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் நொதிகளுக்காக, அதாவது உடலில் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதங்களுக்காகச் சொன்னார். வளவு வீட்டு முகப்புக் கதவுக்குச் சாண் நீளச் சாவி இருக்குமே, வேறு எதைப் போட்டாலும் திரும்பாது, நொதிகள் பெரும்பாலும் அந்த ரகம், தன் உருவத்துக்குப் பொருந்தும் பொருளோடுதான் சேரும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்ன மணிகள் கோத்த மாலை, அது மடிந்துதான் உருவம் பெறும். ஆனால் மனிதப் புரதங்களில் மூன்றில் ஒரு பங்குக்காவது ஒரு நீளமான பகுதி மடியாமல் தொளதொளவென்று கிடக்கிறது. தண்ணீருக்குப் பயந்து உள்ளே ஒளிகிற எண்ணெய்த் தன்மையுள்ள அமினோ அமிலங்கள்தான் புரதத்தை மடிய வைப்பவை. இந்தப் பகுதிகளில் அவை குறைவு, மின்னூட்டம் உள்ளவை அதிகம், அதனால் மடிந்து நிற்பதில்லை.

இதைச் சாவி என்பதைவிடத் தோளில் கிடக்கும் துண்டு என்று சொல்லலாம். தலையில் கட்டினால் தலைப்பாகை, சுருட்டி வைத்தால் சும்மாடு, விரித்தால் படுக்கை. புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் வால்பக்கம் அப்படித்தான்: ஒரே சின்னப் பகுதி ஒரு கூட்டாளியோடு சேரும்போது சுருளாகிறது, இன்னொன்றோடு சேரும்போது நீட்டிக்கொள்கிறது. பிடியும் பல சமயம் உடும்புப்பிடி இல்லை, வேலை முடிந்ததும் விட்டுவிடும். செல்லுக்குள் தகவல் கடத்த இதைவிட வசதி எது?

உங்கள் அடுப்படியிலேயே இப்படித் தளர்வான புரதம் ஒன்று இருக்கிறது. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கருவின் புரதம் மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று சிக்கிக் கெட்டியாகிவிடும். பசும்பாலில் பால் பணியாரம் செய்யும்போது பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறோம், திரிகிறதா? பால் புரதத்தில் சுமார் 80% கேசீன். அது ஏற்கெனவே தளர்வாகத்தான் இருக்கிறது, குலைவதற்குப் பெரிதாக மடிப்பு எங்கே இருக்கிறது?

கேள்வி: அப்படியென்றால் எலுமிச்சை பிழிந்தால் மட்டும் ஏன் திரிகிறது? – அதே வாசகி

பதில்: கேசீன் உருண்டைகள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. புளிப்பு அந்த மின்னூட்டத்தைத் தணித்துவிடும், அப்புறம் ஒட்டாமல் என்ன செய்யும்?

திரள்வது பாலோடு நிற்பதில்லை. 140 அமினோ அமிலம் கொண்ட ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற தளர்வான புரதம், பார்கின்சன் நோயாளிகளின் நரம்புச் செல்களுக்குள் கட்டி கட்டியாகத் திரள்கிறது. மருந்து செய்கிறவர்களுக்கு இதில்தான் தலைவலி. மருந்து போய் உட்கார நிலையான ஒரு குழி வேண்டும், இங்கேயோ சாவித் துவாரமே கிடையாது.