ராடைத் தூக்காதீங்க! (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பல வருஷமா ஆத்துல ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை ஃபிஷிங் (ஹூக்ல நூல், இறகு வச்சுக் கட்டின 'ஃப்ளை'ங்கிற பொய் இரையை வீசிப் புடிக்கிறது) பண்றேன், இப்பதான் முதல் தடவையா கடல் ஃப்ளாட்ஸ்ல (ஆழமில்லாத மணல் திட்டுல) போன்ஃபிஷ்ங்கிற மீனுக்குப் போனேன். மூணு நாள்ல அஞ்சாறு மீன் ஃப்ளை பின்னாடியே வந்துச்சு, வாயில எடுத்த மாதிரியும் இருந்துச்சு, ஆனா நான் இழுத்தா ஒண்ணுமே இல்ல. ஹூக்கை மாத்தணுமா?

பதில்: ஹூக்ல எந்தத் தப்பும் இல்லைங்க. ட்ரவுட் கடிச்சதும் ராடை (தூண்டில் கம்பை) மேல தூக்கிப் பழகிட்டீங்க, அந்தப் பழக்கம்தான் இங்க மீனை விரட்டுது. போன்ஃபிஷ் சாப்பிடுற விதத்தைப் பாருங்க, தலையைக் கீழ குத்தி, வால் தண்ணிக்கு மேல ஆட, மணலுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இறாலையும் நண்டையும் உறிஞ்சி எடுத்து தொண்டைக்குள்ள இருக்கிற அரவைப் பல்லால நொறுக்கும். அது அப்படிக் கவுந்திருக்கிற நேரத்துல ராட் மேல போச்சுன்னா ஃப்ளை அதோட வாய்கிட்ட இருந்து பறந்து போயிடும், அவ்வளவுதான், மீனும் மிரண்டுடும்.

அதனால ராட் நுனியைத் தண்ணியோட ஒட்டி மீனுக்கு நேரா நீட்டி வச்சுக்கிட்டு, இடது கையால லைனை நீளமா ஒரே இழுப்பு இழுங்க. இறுகுச்சுன்னா மாட்டிக்கிச்சு, அப்புறமா ராடைத் தூக்கலாம். மாட்டலைன்னாலும் ஃப்ளை கொஞ்ச தூரம்தான் நகர்ந்திருக்கும், இறால் தப்பிச்சு ஓடுதுன்னு நினைச்சு மீன் திரும்பி வந்து எடுக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

இன்னொண்ணு, கடி கைக்குத் தெரியும்னு காத்திருக்காதீங்க. பின்னாடி வர்ற மீன் திடீர்னு வேகமாகி, ஃப்ளை கிட்ட வந்து நின்னு, தலையைச் சாய்ச்சு, உடம்பு லேசா சிலிர்க்கும். அந்த ஒரு செகண்ட்தான். நான் எத்தனையோ மீன் பார்த்துட்டேன், இன்னிக்கும் அந்தச் சிலிர்ப்பைப் பார்த்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்.

மாட்டினதும் மீனைப் பார்க்காம காலடியில கிடக்கிற லைனைப் பாருங்க, அது கால்லயோ ரீல் கைப்பிடியிலயோ சுத்திக்கிச்சுன்னா லீடர் (ஃப்ளையைக் கட்டுற மெல்லிய நுனி நூல்) அறுந்துடும், ஏன்னா இந்த மீன் ஒரே ஓட்டத்துல 100 மீட்டர் கூடப் போகும். அதுக்குத்தான் 8 வெயிட் ராடுக்கு (இந்த நம்பர் ராடோட பலத்தைக் காட்டும்) ரீல்ல 180 மீட்டராவது பேக்கிங் (மெயின் லைனுக்குப் பின்னாடி சுத்தி வைக்கிற கூடுதல் நூல்) வேணும்னு சொல்றோம்.

கேள்வி: கைடு "11 மணி, 40 அடி"ன்னு கத்துறார், எனக்கு வெறும் மணல்தான் தெரியுது. என்ன பண்றது?

பதில்: படகோட முன் முனைதான் 12 மணி, அங்கிருந்து கணக்கு வச்சுக்கோங்க. தெரியலைன்னா குத்துமதிப்பா வீசாதீங்க, ராடால ஒரு பக்கம் காட்டுங்க, அவர் இன்னும் இடது, இன்னும் வலதுன்னு சொல்லித் திருத்துவார். போன்ஃபிஷ்ஷோட செதில் கண்ணாடி மாதிரி, சுத்தி இருக்கிற நிறத்தையே திருப்பிக் காட்டும், அதனால மீனைத் தேடாம தரையில ஓடுற நிழலைத் தேடுங்க. செம்பு நிற போலரைஸ்டு கண்ணாடி போடுங்க, முடிஞ்சவரை வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும். இறங்கி நடந்தா காலைத் தூக்கி வைக்காம மணல்ல தேய்ச்சே நடங்க, புதைஞ்சு கிடக்கிற திருக்கை விலகிப் போயிடும்.

கேள்வி: எந்த ஃப்ளை வாங்கலாம்?

பதில்: கிரேஸி சார்லி. 1977ல பஹாமாஸோட ஆண்ட்ரோஸ் தீவுல பாப் நவ்ஹைம் கட்டினது, கைடு சார்லி ஸ்மித் பேரை வச்சாங்க. ஃப்ளைல கட்டியிருக்கிற கண்ணு மணி வெயிட்டா இருக்கிறதால ஹூக் முனை மேல பார்த்துப் போகும், தரையில சிக்காது. கணுக்கால் தண்ணிக்கு லேசான கண்ணு, முழங்காலுக்கு மேலன்னா கனமானது.

கேள்வி: முதல் மீன் புடிச்சா தூக்கிப் புடிச்சு நல்லா நாலு போட்டோ எடுக்கலாமா?

பதில்: ஆசை புரியுதுங்க, ஆனா தயவுசெஞ்சு நாலு வேண்டாம். ஃப்ளோரிடாவுல 2013லேர்ந்து போன்ஃபிஷ்ஷைப் புடிச்சா விட்டே ஆகணும்னு சட்டமே இருக்கு, ஆனா விட்டா மட்டும் பிழைச்சுடாது. ஓடி ஓடி களைச்ச மீனைக் காத்துல வச்சா பேலன்ஸ் போயி சாய்ஞ்சு சாய்ஞ்சு நீந்தும், அதை சுறாவோ சீலாவோ சுலபமா புடிச்சிடும். ஹூக் முள்ளை முன்னாடியே அமுக்கி விடுங்க, கையை நனைச்சுட்டு மீனைத் தண்ணிக்குள்ளயே புடிங்க, கேமரா ரெடியான பிறகு ஒரே ஒரு தடவை தூக்குங்க, தண்ணி சொட்டுறது நிக்கிறதுக்குள்ள திரும்ப இறக்கிடுங்க. அது நேரா நின்னு தானா உதறிக்கிட்டுப் போற வரைக்கும் கையை எடுக்காதீங்க. சண்டையில இருக்கும்போதே சுறா நிழல் தெரிஞ்சா போட்டோவை மறந்துட்டு ரீல் ட்ராகை (லைன் ஓடுறதைத் தடுக்குற பிரேக்கை) முழுசா லூஸ் பண்ணிடுங்க, லைன் போனாலும் பரவாயில்ல, மீன் ஓடட்டும்.