ஷோரூம் காருக்கு எதற்கு ரெக்கை?

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில் அன்று ஓடியது கடையில் விற்ற கார்தானே, அதற்கு எப்படி அவ்வளவு பெரிய ரெக்கை என்று கேட்டிருக்கிறீர்கள். ரெக்கையோடுதான் விற்றார்கள்! ஒரு மாடலைப் பந்தயத்தில் இறக்க, பொதுமக்களுக்கு 500 கார் தயாரித்தால் போதும் என்றது 1969-ம் ஆண்டு விதி. டாட்ஜ் நிறுவனம் ஏறக்குறைய அந்த அளவோடு நிறுத்திக்கொண்டு, தன் சார்ஜர் காரின் ரெக்கை வைத்த வடிவமான சார்ஜர் டேடோனாவைக் களமிறக்கியது.

சாதாரண சார்ஜரின் பின்கண்ணாடி உள்வாங்கியிருக்கும். அந்தக் குழியில் காற்று சுழன்று காரின் பின்பக்கத்தைத் தூக்கும். அதைச் சமன் செய்தார்கள். முன்னால் கூர்மூக்கு, பின்பக்கத்தைக் கீழே அழுத்த சுமார் 2 அடி உயர ரெக்கை. 1970 மார்ச்சில் டாலடேகா பந்தயத் தளத்தில் நடந்த சோதனை ஓட்டத்தில் இந்தக் காரை ஓட்டிய பந்தய வீரர் பட்டி பேக்கர் மணிக்கு 200 மைலைத் தாண்டினார்.

இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன், விதியை வரி விடாமல் படித்த கெட்டிக்காரத்தனம். நாஸ்காரும் லேசுப்பட்டதல்ல. 1971-ல் ரெக்கையைத் தடை செய்யாமல், அந்த வகைக் கார்களின் எஞ்சின் கொள்ளளவை மட்டும் 305 கன அங்குலமாகக் குறுக்கிவிட்டது. அதுவரை ஓடியது 426! அந்த வருட டேடோனா 500 பந்தயத்துக்கு ஒரே ஒரு ரெக்கைக் கார்தான் வந்தது, ஏழாவது இடம்.