அலைக்குச் சிலை வேண்டுமா?

கேள்வி: சுனாமியில் போனவர்களுக்காக ஊர்க் கடற்கரையில் ஒரு நினைவுத்தோப்பு வைக்கப் போகிறோம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர், தோப்பின் நடுவில் இருபது அடியில் சீமெந்து அலை கட்டக் காசு தருகிறேன் என்கிறார். மரம் மட்டும் போதாதா?
– வாசகர் ஒருவர், கல்லடி

பதில்: போதாது. வெறும் மரம் என்றால் பத்து வருடத்தில் அது இன்னொரு சவுக்கந்தோப்பு, பொடியன்கள் கிரிக்கெட் அடிக்க நல்ல இடம். ஆனால் அலை வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலை அதை நேரில் கண்ட சனத்திடம், அதையே சீமெந்தில் செய்து அதன் காலடியில் வருடாவருடம் பூ வைக்கச் சொல்வது என்ன நியாயம்? காசு தருகிறவரிடம் இதை இப்படியே கேளுங்கள். கோபித்தாலும் இரண்டு நாளில் அவரே ஃபோனில் கூப்பிடுவார்.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம், முன்பு சரளைக்கல் தோண்டிய நிலத்தில், 2001இல் திறந்த பெரிய நினைவுவனம் ஒன்று இருக்கிறது. முதலாம் உலகப் போரில் ஓடிப்போனார்கள், கோழைகள் என்றெல்லாம் சொல்லிச் சொந்தப் படையே சுட்டுக்கொன்ற வீரர்களுக்கு அங்கே ஓர் இடம்: கண்ணைக் கட்டிய ஒரு பொடியனின் சிலை, அவனைச் சுற்றி ஆளுக்கொன்றாக 300க்கு மேல் மரக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் பேர். விடியல் வெளிச்சம் முதலில் விழும் கிழக்கு ஓரத்தில் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அவர்களைச் சுட்டதும் விடியற்காலையில்தான். அதே வனத்தில் இன்னொரு நினைவிடத்தின் சுவரில் ஒரு கீற்று இடைவெளி விட்டிருக்கிறார்கள். அந்தப் போர் ஓய்ந்த நேரமான நவம்பர் 11 காலை 11 மணிக்கு வெயில் அதற்குள்ளால் வந்து நடுவில் இருக்கும் மலர்வளையத்தில் விழும். (நம் டிசம்பர் வானத்தை நம்பி அப்படி ஒன்று கட்டினால், குடைக்குக் கீழே நின்று சூரியனைத் தேட வேண்டியதுதான்.)

சரி, நம் நாளுக்கு வருவோம். மாரி, கடலில் இருந்து காற்று, காலில் சேறு. 9.25க்கு மௌனம், அப்புறம் ஆளாளுக்கு விளக்கேற்றுவார்கள். ஒரு ஊர்த் தூபியடியில் பார்த்தேன், ஒரு அம்மா ஒரு கையில் குடையோடு தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பையில் இருந்த பால்மா டின்னைச் சரித்து வைத்து, அதற்குள் சிட்டி விளக்கை வைத்து ஏற்றினா. சுடர் அணையாமல் நின்றது.

உங்கள் சிற்பம் அந்த டின்தான். அம்மி, ஆட்டுக்கல் பொளிகிறவரைப் பிடித்து, இடுப்புயரக் கருங்கற்களில், கடலுக்கு முதுகு காட்டிய பக்கம் ஒரு மாடக்குழி குடையச் சொல்லுங்கள். குழிக்குக் கீழே பேர், வெட்டிய எழுத்தில். பெயின்ட் இரண்டு மாரி தாங்காது. இரும்பு எதுவும் வேண்டாம், உப்புக்காற்றில் கறள் வழிந்து பேரை மூடிவிடும்.

கேள்வி: எந்த மரம்? ஆளுக்கொரு மரம் வைத்துப் பேர்ப்பலகை அடிக்கலாமா?
– வாசகி ஒருவர், திருக்கோவில்

பதில்: ஆணி வேண்டாம் என்பது ஒன்று. அதைவிட, ஆளுக்கொரு மரம் என்பதே வேண்டாம். கடற்கரை மணலில் எல்லாக் கன்றும் தப்பாது. பிள்ளையின் பேரில் வைத்த கன்று பட்டுப்போனால் அந்தத் தாய்க்கு இரண்டாம் தரமும் இழவு. ஜெர்மனியின் காசல் நகரில் ஜோசப் பாய்ஸ் என்ற கலைஞர் 1982இல் தொடங்கிய 7000 மரங்களில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எரிமலைப் பாறைத் தூண் நட்டிருக்கிறது. அவர் 1986இல் இறந்தார், வேலை அடுத்த வருடம்தான் முடிந்தது. மரம் வளரும், சாகும், மாற்றலாம்; கல் அப்படியே நிற்கும். அதனால் பேர் கல்லில் இருக்கட்டும்.

மரம் என்றால் புன்னை, பூவரசு. பூவரசுக்குக் கன்று கூடத் தேவையில்லை, மாரி தொடங்க வேலிக் கதியால் போலக் கிளையை வெட்டி ஊன்றினால் துளிர்க்கும். காலையில் மஞ்சளாக விரிந்த பூ பின்னேரம் சிவந்துவிடும், பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவார்கள். நினைவுத்தோப்பில் சத்தம் போடாதே என்று பலகை வைத்துவிடாதீர்கள்.

சிலைக்கு முதல் ஆட்டுக்கு வேலி அடியுங்கள். கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் யார் யார் தண்ணீர் ஊற்றுவது என்று இப்போதே முறை எழுதுங்கள். கல்லடிக்காரரின் அந்த வெளிநாட்டு அண்ணரைப் போல் உங்கள் ஊருக்கும் ஒருவர் இருப்பாரே, அவரிடம் ஒரு குழாய்க்கிணறு கேட்டுப் பாருங்கள்.