ஊழல் வழக்கில் தண்டனை பெற்ற ஜெயலலிதாவை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

கேள்விக்குக் கீழே "இலவசங்களுக்கு விலைபோன பெண்கள்தான் காரணமா?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். வீட்டில் அடி விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று உங்கள் அம்மா யோசிக்க வேண்டி வந்திருக்காது என்று நினைக்கிறேன். என் அம்மாவுக்கு வந்தது.

1992ல் ஜெயலலிதா ஆட்சியில்தான் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம்விளக்கில் வந்தது, அப்புறம் மற்ற ஊர்களிலும். எனக்கு நாலு வயது இருக்கும்போது, 1994ல், அப்பா குடித்துவிட்டு அம்மாவின் கையை முறுக்கியதில் எலும்பு விலகிவிட்டது. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா பக்கத்து டவுனில் இருந்த மகளிர் நிலையத்துக்குப் போனார். அதற்கு முன்பு ஒருமுறை வேறொரு நிலையத்துக்குப் போனபோது "குடும்பம்னா அப்படித்தாம்மா இருக்கும், அனுசரிச்சுப் போ" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த முறை எதிரில் உட்கார்ந்து கேட்டவர் ஒரு பெண். வழக்கெல்லாம் போடவில்லை, அப்பாவை வரவழைத்து எழுதி வாங்கினார்கள், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அப்பா கை ஓங்கவில்லை.

சரி, அதற்காக அம்மா விலைபோனாரா? 1996 தேர்தலில் அவர் ஜெயலலிதாவுக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டார். முந்தின வருடம் வளர்ப்பு மகனுக்கு நடந்த அந்தக் கல்யாண ஆடம்பரத்தை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தத் தேர்தலில் அதிமுகவுக்கு 4 இடம்தான் கிடைத்தது, பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அம்மாவைப் போலப் பெண்களும் சேர்ந்துதானே தோற்கடித்தார்கள்? பிறகு 2016ல் அவர் ஆட்சியைத் தக்கவைத்தபோது மட்டும் அதே பெண்கள் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் மயங்கியவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

நான் அதிமுக இல்லை. உடனே அந்த முத்திரையைக் குத்த வருவார்கள் என்பதால் சொல்கிறேன். சொத்துக்குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பரில் பெங்களூரு தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது, 2015ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கில் அவரோடு இருந்த மற்றவர்களின் தண்டனையை உறுதி செய்தபோது அவர் உயிரோடு இல்லை. இதில் எதையும் நான் மறைக்கப் போவதில்லை. 2000ல் தருமபுரியில் அவர் கட்சிக்காரர்கள் வைத்த தீயில் பேருந்தோடு எரிந்துபோன மூன்று மாணவிகளையும் மறக்க மாட்டேன். பழைய ஓய்வூதியம் 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது என்றானதும் அவர் ஆட்சியில்தான், அந்த விதிக்குக் கீழேதான் நானும் அரசு வேலைக்குச் சேர்ந்தேன்.

என் சித்தப்பா ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஜெயலலிதா ஒரேயடியாக நீக்கியதை அவர் மன்னிக்கவே இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள் என்றாலும் அந்த அவமானம் போகவில்லை என்பார். அது நியாயமான கோபம். போன டிசம்பர் 5, ஜெயலலிதாவின் நினைவு நாளில், என் அம்மா அவர் படத்துக்குப் பூ வைத்ததும் சித்தப்பா வெடித்துவிட்டார். "அத்தனை குடும்பத்தைத் தெருவுல நிறுத்துனவங்களுக்குப் பூவா அண்ணி?"

அம்மா பூவை எடுக்கவில்லை, சத்தமும் போடவில்லை. "அன்னைக்குக் கை வீங்கிப்போய் நின்னேனே தம்பி, அந்த நிலையம் இல்லன்னா நான் யார்கிட்ட போயிருப்பேன், சொல்லுங்க" என்றார்.

சித்தப்பா பதில் பேசவில்லை. 1994ல் அவரும் எங்களோடு அதே வீட்டில்தான் இருந்தார்.

நீங்கள் ஜெயலலிதாவை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சியுங்கள். கேள்வியிலிருந்து "விலைபோன" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.