முதலில் படுக்கை விரிப்பு, பிறகு பட்டுப் பாவாடை

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். திருமணத்துக்கு முன்பு தையல் வகுப்புக்குப் போனவள் நான். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது அவர்களுடைய உடுப்புகளை நானே தைத்தேன். பிறகு மிதி மெஷினை மூடி ஓரமாக வைத்துவிட்டேன். வீட்டில் பழைய விரிப்புகள், கேரளப் பெண்கள் உடுத்தும் இரண்டு துண்டுச் செட்டு முண்டுகள், கம்பி ஒடிந்த குடைகள், ஒரு பட்டுச் சேலை எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. வருகிற விஷுவுக்கு ஆறு வயதுப் பேத்திக்கு அந்தப் பட்டில் பாவாடை சட்டை தைக்க ஆசை. மருமகளோ, "பட்டு வீணாகிவிடும் அத்தை, தையற்காரரிடம் கொடுத்துவிடலாம்" என்கிறாள். கை திரும்ப வருமா? எதில் தொடங்குவது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கை கட்டாயம் திரும்ப வரும். ஆனால் பட்டில் தொடங்க வேண்டாம். அதற்காகப் புதுத்துணி வாங்கவும் வேண்டாம். உங்கள் வீட்டில் சேர்ந்து கிடப்பவையே போதும். பழைய துணியில் தைப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது, அந்தத் துணியில் எங்கே வலு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதுதான். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். வலையைப் போல வெளிச்சம் ஊடுருவும் இடம் நைந்த இடம். இரண்டு கட்டைவிரல்களாலும் நெடுக்கிலும் குறுக்கிலும் இழுத்துப் பார்த்து, இழை விட்டுக்கொடுத்தால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள்.

அதற்கு முன் மெஷினைக் கவனியுங்கள். நம் பக்கத்து வீடுகளில் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெயையே மெஷினுக்கும் விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. அது குளிரில் உறையும், நாளாக நாளாகப் பிசினாகும், மிதி கனக்கும். தையல் மெஷினுக்கென்று விற்கும் எண்ணெயை மட்டும் விட்டு, துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவைத்து, நூல் கோக்காமல் சற்று நேரம் மிதியுங்கள். கைச்சக்கரம் உங்கள் பக்கமாகச் சுழல வேண்டும் என்பதைக் கால் மறந்திருக்கும், நூல் இல்லாமல் மிதிக்கும்போதே அந்தப் பழக்கம் திரும்பிவிடும். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் கொஞ்சம் வெட்டிக் குறைத்துப் பூட்டுங்கள். பழைய ஊசியை எறிந்துவிட்டு, சாதாரணப் பருத்திக்குப் 14-ஆம் எண் ஊசியைப் போடுங்கள். நூல் நுழையும் பக்கத்தில் ஊசியின் நீண்ட பள்ளமும் அதற்கு எதிர்ப்பக்கத்தில் தட்டையான பகுதியும் இருக்க வேண்டும். தையலுக்கு அடியில் நூல் சுருள் சுருளாகத் தொங்கினால் பலரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் திருகுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில் இருக்கும். அதை எடுத்துவிட்டு முதலிலிருந்து மறுபடி கோத்துப் பாருங்கள்.

முதல் வேலையாகப் படுக்கை விரிப்பை எடுங்கள். படுத்துப் படுத்து விரிப்பின் நடுப்பகுதிதான் முதலில் நையும், இரண்டு ஓரக்கரைகளும் புதிது போலவே இருக்கும். நடுவே நீளவாக்கில் இரண்டாக வெட்டி, வெளியே இருந்த கரைகள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அரை அங்குலம் படியவைத்து இரண்டு வரி தையல் போடுங்கள்; வெட்டிய ஓரங்கள் இப்போது வெளியே வந்துவிடும், அவற்றை மடித்துத் தைத்துவிட்டால் நைந்த பகுதி மெத்தைக்கு அடியில் செருகும் இடத்துக்குப் போய்விடும். 90 அங்குல நீளமுள்ள விரிப்பில் இந்த நான்கு வரிகளும் சேர்ந்து 30 அடி நேர்த்தையல். கண் ஊசியைப் பார்க்காமல் ஓரத்தைப் பார்த்துப் போகப் பழகுவதும், கால் ஒரே சீராக மிதிக்கப் பழகுவதும் இந்த 30 அடிக்குள் நடந்துவிடும். வரி கோணினாலும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது செட்டு முண்டில் தலையணை உறை. 17க்கு 27 அங்குலத் தலையணைக்கு 18க்கு 62 அங்குலத் துண்டு போதும், மூடும் மடிப்பு 6 அங்குலம் உள்ளே போகும், பித்தானோ ஜிப்போ வேண்டாம். நெசவாளர் ஊரான குத்தாம்புள்ளியின் நெசவில் வந்த பழைய முண்டானால், துணி நைந்த பிறகும் கசவு என்னும் சரிகைக் கரை பல சமயம் நன்றாகவே இருக்கும். அதைத் தனியே எடுத்து உறையின் வாயில் வைத்துத் தையுங்கள்.

குடைத்துணியை விட்டுவிடாதீர்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக் காற்றில் கம்பி ஒடிந்தாலும் துணி பெரும்பாலும் ஓட்டையில்லாமல்தான் இருக்கும். கம்பி நுனிகளில் கட்டியிருக்கும் நூலை பிளேடால் மெல்ல அறுத்துக் கழற்றினால், முக்கோணத் துண்டுகள் இணைந்த ஒரே பெரிய துணி கையில் வரும். அதை மடித்து ஈரத் துணிகளுக்கும் மீன் வாங்குவதற்கும் பை தைக்கலாம். இந்தத் துணியில் ஊசி குத்திய துளை மறையாது என்பதால் குண்டூசிக்குப் பதில் துணிக்கிளிப் போடுங்கள், தையலைச் சற்று நீளமாக வையுங்கள், சூடான இஸ்திரிப்பெட்டியை அருகில் கொண்டுபோகாதீர்கள். வழுக்கிக்கொண்டே போகும் இதைக் கட்டுப்படுத்தத் தெரிந்துவிட்டால் பட்டைத் தொடலாம்.

பேத்தியின் உடுப்புக்கு வருகிறேன். பாவாடைக்குப் பெரும்பாலும் நேர்த்தையல்தான், அது இப்போதே உங்களால் முடியும். கழுத்து வளைவும் கைக்குழியும் உள்ள சட்டைக்குக் கை இன்னும் பழக வேண்டும் என்பது என் எண்ணம். ஆகவே மருமகளிடம், "பாவாடை நான் தைக்கிறேன், சட்டையை மட்டும் கொடுத்துவிடுவோம்" என்று சொல்லுங்கள். அவர் கவலையும் நியாயமானதுதான், பட்டு பிரித்துத் தைத்தால் துளை காட்டும். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்த சேலை அந்த மடிப்புக் கோட்டில்தான் முதலில் விட்டுப்போகும். விரித்துப் பார்த்து அந்தக் கோடுகளைத் தவிர்த்து வெட்டுங்கள். சேலையின் கரையே பாவாடையின் கீழ்விளிம்பாக இருக்கட்டும். சுற்றளவுக்கு இரண்டரை மீட்டர் எடுத்து இடுப்பில் சுருக்கம் வையுங்கள். உயரம் 24 அங்குலம் என்றால் 29 அங்குலமாக வெட்டி, கரைக்குச் சற்று மேலே உட்பக்கமாக 2 அங்குல மடிப்பு ஒன்று பிடித்துவிடுங்கள். அதற்கு 4 அங்குலத் துணி போகும், மீதி 1 அங்குலம் இடுப்புப்பட்டிக்குள் போகும். அந்த மடிப்பை மட்டும் மெஷினில் போடாமல், மெல்லிய ஊசியால் கைத்தையலாக, நீளமான ஓட்டுத்தையலில் போடுங்கள். பேத்தி வளர்ந்ததும் அடுத்த விஷுவுக்கு நூலை உருவி இறக்கிக்கொள்ளலாம்.