படையலில் குவார்ட்டர்

அன்புள்ள ஐயா,

அப்பா போன வருஷம் ஆடியில் இறந்தார். வயது 52. குடிதான் காரணம், ஊரில் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டோம். வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. ராத்திரியெல்லாம் கத்துவார். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த இனிப்பு சிரப்பைக் கொடுத்தால், பேதியாகிறது என்று துப்புவார். கடைசி வாரம் என்னைப் பார்த்து, "நீ என் பொண்ணே இல்ல" என்றார். அவர் போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உறுத்துகிறது. அடுத்த மாதம் வருஷத் திதி. அவருக்குப் பிடித்தது என்று படையலில் குவார்ட்டர் வைக்கச் சொல்கிறார் சித்தப்பா. வைக்கலாமா?

பி.

அன்புள்ள பி,

அந்த சிரப் வயிற்றுக்கானது இல்லை, புத்தி தெளிவதற்கானது. சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய், முற்றினால், குடலில் உண்டாகும் அம்மோனியாவை ஈரலால் சுத்திகரிக்க முடியாது. அது மூளைக்குப் போகும். பகலில் தூங்குவார்கள், இரவில் விழித்திருப்பார்கள், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது. கழிவைப் பேதியாக வெளியேற்றத்தான் அந்த மருந்து. ஆகவே அன்று பேசியது உங்கள் அப்பா என்று கணக்கில் எழுதாதீர்கள்.

நிம்மதி விஷயம். என் பெரியப்பாவும் குடித்துத்தான் போனார். அவர் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தத்தை வைத்தே பெரியம்மா அன்றைய ராத்திரி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார். ஒரே உதையில் நின்றால் எங்களுக்குச் சாப்பாடு உண்டு. அவர் இறந்து பல மாதம் கழித்தும் ஒன்பது மணியானால் பெரியம்மா பேச்சை நிறுத்திவிட்டு வாசலைக் கவனிப்பார். இத்தனை வருஷக் காவல் ஒருநாள் முடிந்தால் உடம்பு ஆசுவாசப்படத்தான் செய்யும். அழுகை பிறகு வரும், சம்பந்தமில்லாத இடத்தில் வரும்.

மஞ்சள் காமாலை என்று சொன்னதற்காக வெட்கப்படாதீர்கள், எங்கள் வீட்டிலும் அதே கதைதான். கீழாநெல்லியெல்லாம் அரைத்துக் கொடுத்தோம்! மறைக்காதவர்களும் உண்டு. சாந்தி ரங்கநாதன் டி.டி.கே. தொழில் குடும்பத்து மருமகள், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980இல் சென்னையில் கணவரின் பெயரிலேயே குடிநோய் சிகிச்சைக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். குடிப்பவர்களின் குடும்பத்துக்காகவே அல்-அனான் என்ற கூட்டங்களும் நடக்கின்றன. குடித்தவர் இறந்துவிட்டாலும் போகலாம். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சரி, படையல். பிடித்தது என்கிறார் சித்தப்பா. கடைசி வருஷங்களில் குடிநோயாளிகள் காலையில் குடிப்பது கை நடுக்கம் நிற்பதற்காக. அதில் ருசி என்ன இருக்கிறது? படைத்த பிறகு அந்த குவார்ட்டர் யார் கைக்குப் போகும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

வைக்க வேண்டாம். ஆனால் இதை என்னிடம் கேட்பதற்கு முன் அம்மாவிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குடிக்கு முன்னால் அப்பா எதை விரும்பிச் சாப்பிட்டார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.